சயாம் மாட்டுக்குப் பொங்கல்

ஒரு மாவட்டத்தை ஆளுவதற்கு என்னென்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவேன். ஒரு மேடு, அதன்மேல் ஒரு கொடிமரம், கொடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆபீஸ், ஆபீஸில் ஒரு துரை, துரை சொல்வதை ஊருக்கும் ஊர் சொல்வதைத் துரைக்கும் எடுத்துச் சொல்ல ஒரு ஆள். அந்த ஆளாக நான் இருந்தேன். கோலாலம்பூரிலிருந்து மாட்டு வண்டியில் புறப்பட்டால் ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும் நாட்டுப்புற மாவட்டம் அது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்குச் சண்டை போடும் வயது போய்விட்டது.

மொழிபெயர்ப்பாளர் என்பது உத்தியோகத்தின் பெயர். ஊரில் என்னை 'வாய்க்காரர்' என்பார்கள். சொந்தமாக ஒரு வார்த்தை பேசக்கூடாத வேலைக்கு இப்படி ஒரு பட்டம்! முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

மாவட்டத்தின் வரலாறு என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் ஆறு மட்டும் இருந்தது. ஆற்று முகத்தில் ஒரு மலாய்த் தலைவர் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற படகுகளிடம் வரி வாங்கினார். பிறகு உள்ளே ஈயம் இருப்பது தெரிந்து சீனர்கள் வந்து மண்ணைக் குடைந்தார்கள். ஈயம் தீர்ந்த இடங்களில் குளங்கள் மிஞ்சின, குளங்களில் கொசு மிஞ்சியது. அப்புறம் வெள்ளைக்காரர்கள் காப்பி போட்டார்கள். காப்பி விலை சரிந்ததும் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ரப்பர் நட்டார்கள். ரப்பர் வந்தது, பால் வெட்ட நம் ஆட்கள் வந்தார்கள். துரைமார் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள்; ஒவ்வொருவரும் தான் வந்த பிறகுதான் மாவட்டமே பிறந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

மாவட்டம் பல முக்கிம்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு முக்கிமுக்கும் பெங்ஹுலு என்று ஒரு மலாய்த் தலைவர். யாருடைய எருமை யாருடைய நெல்லைத் தின்றது, எந்தக் கம்பத்தில், அதாவது எந்த மலாய்க் கிராமத்தில், குழந்தை பிறந்தது, எங்கே பாலம் இடிந்தது எல்லாம் பெங்ஹுலு வழியாக மேட்டுக்கு வரும். சீனர்களுக்குத் தவுக்கே என்று ஒரு பெரிய முதலாளி இருந்தார். அவர் வந்தால் துரை எழுந்து நாற்காலி போடுவார். தோட்டத்துத் தமிழர்களுக்குக் கங்காணி இருந்தார், மானேஜர் இருந்தார். கம்பத்திலும் சேராமல் தோட்டத்திலும் சேராமல், பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால் கொட்டகை போட்டுக்கொண்டு பிழைத்த வண்டிக்காரர்களுக்குத்தான் யாரும் இல்லை. நான் இருந்தேன் என்று சொல்லலாம். ஆனால் நான் துரையின் ஆள்.

இத்தனைக்கும் இந்த வண்டிக்காரர்கள் மாட்டைப் பூட்டவில்லை என்றால் மாவட்டம் பட்டினிதான். ரயில் ஸ்டேஷனிலிருந்து அரிசி மூட்டை உள்ளே போவதும், தோட்டத்து ரப்பர் ஷீட்டு வெளியே வருவதும், ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டி போவதும், ஒரு தடவை துரையம்மாவின் பியானோ மேடேறியதும் மாட்டின் கழுத்தை நம்பித்தான். லோரி ஒன்றிரண்டு தலைகாட்டத் தொடங்கியிருந்தது. மழை பெய்தால் அது சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். அதை இழுத்துவிடவும் மாடுதான் வரவேண்டும்.

என் அண்ணனும் வண்டிக்காரர். எங்கள் அப்பா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் பட்டறையில் வேலை பார்த்து, நாங்கள் சிறிசாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் செங்கல் சூளையில் யாரோ ஒருவருடைய வண்டியை ஓட்டி என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். எனக்கு இந்த மாவட்டத்தில் உத்தியோகம் ஆனதும் தானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "நீ மேட்டு மேல இரு. நான் கீழ இருந்துக்கறேன்" என்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்தவன் மாட்டை ஓட்டியே பாதி வயது கழிந்தது. சொந்தமாக ஒரு ஜோடி மாடு, சொந்தமாக ஒரு வண்டி, யாருக்கும் கைகட்டாத பிழைப்பு. இதுதான் அவருடைய ஒரே ஆசை. அது கைகூடாவிட்டால் தோட்டத்தில் பேர் கொடுக்க வேண்டியதுதான். "கங்காணிகிட்ட பேர் குடுக்கறதுக்கு ஆத்துல எறங்கிடலாம்டா" என்பார். வேடிக்கையாகச் சொல்வது போலத்தான் இருக்கும். நான் சிரித்ததில்லை.

அந்த ஜோடியை அவர் கடைசியில் கிள்ளானில் வாங்கினார். ஊரிலிருந்து கப்பலேறி வரும் காங்கேயம் காளை அண்ணனுக்கு எட்டாத உயரம். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் வியாபாரி சயாமிலிருந்து மாடு ஓட்டிவந்து விற்றுக்கொண்டிருந்தார். நானும் கூடப் போயிருந்தேன். சின்ன உடம்பு, செம்மண் நிறம், திமில் இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்க்க வேண்டிய அளவு. அண்ணன் அவற்றின் பல்லைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், பிறகு அவற்றின் நெற்றியைச் சொறிந்துவிட்டுக்கொண்டே நின்றுவிட்டார். வியாபாரிக்குப் புரிந்துவிட்டது, இந்த ஆள் விழுந்துவிட்டான் என்று. அவர் பேச ஆரம்பித்தார்.

"இது வந்த எடமும் நம்ம எடம் மாதிரியே ஒரு மாவட்டந்தான் தம்பி. மேட்டுல ஆபீசு, ஆபீசுல ஒரு அதிகாரி. ஆனா வெள்ளக்காரன் இல்ல, அவங்க ஆளேதான். வயக்காடும் பனமரமும் தவிர ஒண்ணுமில்ல. நெல்லு அறுத்து முடிச்சாத்தான் மாட்ட விப்பான். அதுக்கும் ஊர்த் தலைவன் ஆபீசுக்கு வந்து, இது இன்னான் மாடுதான்னு வாயால சொல்லணும். சுழி எங்க, கொம்பு எப்படி, எல்லாம் எழுதிக்குவாங்க. மனுசனுக்குக் கூட அந்த மரியாத கெடயாது!"

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, நல்ல குடும்பத்து மாடு" என்றார்.

கொஞ்ச நாள் அவற்றுக்கு நம் பேச்சு புரியவில்லை. அண்ணன் 'ஹை' என்றால் நிற்கும், 'ஹோ' என்றால் நடக்கும். பிறகு எல்லாம் கற்றுக்கொண்டன. எங்கள் துரை தமிழ்ப் பரீட்சைக்குப் படித்த காலத்தைவிட அது குறைவுதான். சேற்றில் காங்கேயம் காளை காலைத் தூக்கத் தெரியாமல் திணறும்போது இந்தக் குட்டை மாடுகள் அலட்டிக்கொள்ளாமல் இழுத்துக்கொண்டு போய்விடும். அண்ணனுக்குத் தலைகால் புரியாத பெருமை. வேறு எவரையும் விடாமல் தானே தேய்த்துக் குளிப்பாட்டுவார். நான் ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப் போனால் என்னைவிட மாட்டிடம்தான் அதிகம் பேசுவார்.

மற்ற வண்டிக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களிடம் ஒரு மூத்தவர் இருந்தார். எல்லோரும் பெரிய வண்டிக்காரர் என்று கூப்பிடுவார்கள். ஸ்டேஷன் பாதையில் முதல் வண்டி ஓட்டியவர்; நல்ல மனிதர், ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவர் சொல்லிவிட்டார்: "சயாம் மாடு நம்ம மாடு இல்ல. அது தெய்வ மாடு இல்ல, வெறும் மாடு." அவ்வளவுதான். பாசாரில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது அண்ணன் வண்டி கடைசியில் நின்றது. அண்ணன் அதை மனத்தில் வைத்துக்கொண்டே இருந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வருடம் பக்கத்து மாவட்டத்தில் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டது. மாட்டுக்குக் காய்ச்சல் அடித்து, கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகி, வாயெல்லாம் புண்ணாகி, கழிந்து கழிந்தே சாகிற நோய். ஒன்றுக்கு வந்தால் பட்டியே காலி. துரை எல்லையில் போலீஸ்காரரை நிறுத்தினார். மாடுகளை ஒரே இடத்தில் கூட்டக்கூடாது என்று தடை போட்டார். நான் பாசாரில் நின்று தமிழில் சொன்னேன். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக மாட்டுப் பொங்கலன்று எல்லா மாடுகளையும் கொம்புக்கு வர்ணம் தீட்டி ஆற்றங்கரைத் திடலில் கூட்டி, ஒரே பானையில் பொங்கி, ஒரே தாம்பாளத்திலிருந்து எல்லா மாட்டுக்கும் ஊட்டுவார்கள். ஒரு மாட்டின் வாய் பட்ட மிச்சத்தைத் தாம்பாளத்திலேயே கலந்து அடுத்த மாட்டுக்குக் கொடுப்பார்கள். அப்படிச் செய்தால் எல்லாம் ஒரே பட்டி என்று அர்த்தம்.

"மாட்டத்தானே கூட்டக்கூடாது? சரி, கூட்டல" என்றார் பெரிய வண்டிக்காரர். தடையை ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தார்கள். ஒரு மாடு கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. மாட்டுக்குப் பதிலாகப் பானை புறப்பட்டது! மேளம் அடித்துக்கொண்டு, பானையையும் தாம்பாளத்தையும் தூக்கிக்கொண்டு கொட்டகை கொட்டகையாகப் போய், ஒவ்வொரு மாட்டுக்கும் ஊட்டி, மிச்சத்தைக் கலந்து அடுத்த கொட்டகைக்கு எடுத்துப் போனார்கள். சாமிக்குப் படைத்த பொங்கலால் நோய் பரவும் என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் நுழையவே வழியில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. துரை வீட்டு நாய்க்குக் கூடத் தோன்றியிருக்காது.

மறுநாள் நான் அண்ணனைப் பார்க்கப் போனேன். மாடுகள் சுத்தமாகக் குளித்து, கொம்பில் பச்சையும் சிவப்பும் பூசிக்கொண்டு நின்றன. கழுத்தில் வாடிய மாலை. வாசலில் அவரே போட்ட மாக்கோலம். அண்ணன் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பொங்கல் ஆச்சாண்ணே?" என்றேன்.

"வரல."

"என்ன வரல?"

"பான வரல. வாசல்ல கையக் கூப்பிக்கிட்டு நின்னேன். மேளம் இந்த வழியாத்தான் போச்சு. திரும்பிக்கூடப் பாக்காம அடுத்த கொட்டாய்க்குப் போயிட்டாங்க." பிறகு, "மாட்டுக்குப் பொங்கக் குடுக்கலன்னா மாட்டுக்கென்ன, அதுக்குத் தெரியவா போகுது? எனக்குத்தாண்டா குடுக்கல" என்றார். கண் கலங்கியிருந்தது. அப்பா செத்தபோது அழாத மனிதர்.

பெரிய வண்டிக்காரரிடம் போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று கிளம்பினேன். அண்ணன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "நீ ஆபீசு ஆளு. நீ வந்தா தொரை வந்த மாதிரி ஆயிடும். வேணாம்."

சில நாள் கழித்துப் பெரிய வண்டிக்காரரின் காளை ஒன்றுக்கு வாயில் நீர் ஒழுகியது. நோய் எப்படியோ எல்லையைத் தாண்டி வந்துவிட்டது. அடுத்து இன்னொரு கொட்டகையில், அதற்கடுத்து இன்னொன்றில். கோலாலம்பூரிலிருந்து மாட்டு டாக்டர் துரை வந்து இறங்கினார். பானை ஊர்வலத்தைப் பார்த்திருந்த பெங்ஹுலு அதைப் போகிற போக்கில் துரையிடம் சொல்லிவிட்டார். டாக்டர் துரை தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் தாம்பாளத்தில் வாய் வைத்த மாடு ஒன்றும் மிஞ்சக்கூடாது, எல்லாவற்றையும் சுட்டுப் புதைக்க வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. விட்டுவைத்தால் நோய் தோட்டங்களுக்குப் போகும், கம்பத்து எருமைகளுக்குப் போகும், அடுத்த வருடம் உழுவதற்கு ஒரு கால்நடை இருக்காது. அதை நான் மறுக்கவில்லை. இன்றும் மறுக்க முடியவில்லை.

துரை என்னை உள்ளே கூப்பிட்டார். கெட்டவர் இல்லை அவர். களைத்துப் போயிருந்தார்.

"நாளைக்கு வண்டிக்காரர்களை வரச்சொல்லியிருக்கிறேன். பானை உன் கொட்டகைக்கு வந்ததா என்று மட்டும் கேள். காரணம் சொல்லாதே. சொன்னால் எல்லோரும் இல்லை என்பார்கள். உன் அண்ணனும் அதில் ஒருவர் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்."

"என் அண்ணன் கொட்டகைக்குப் பானை வரவில்லை, சார்" என்றேன்.

"நீ பார்த்தாயா?"

"இல்லை. அவர் சொன்னார்."

"ரொம்ப நல்லது. நாளைக்கு அதை அவரே சொல்லட்டும். அவர் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது."

நான் நிம்மதியாக வெளியே வந்தேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? 'வரல' என்ற ஒரு சொல். எனக்கு அண்ணன் ஏற்கெனவே சொன்ன அதே சொல். பெரிய வண்டிக்காரரின் திமிர்தான் அண்ணன் மாட்டைக் காப்பாற்றப்போகிறது என்று நினைத்து எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மறுநாள் காலையில் எல்லோரும் ஆபீஸ் தாழ்வாரத்தில் நின்றார்கள். வெள்ளை வேட்டி, தலைப்பாகை, நெற்றியில் திருநீறு. மாடு சாகிற துக்கம் ஒரு பக்கம், துரை கூப்பிட்டிருக்கிறார் என்ற பயம் ஒரு பக்கம். பொங்கலைப் பற்றித் துரை எதற்குக் கேட்கிறார் என்று ஆளுக்கு ஒன்று பேசிக்கொண்டார்கள். கடைசியில், ஊர் வண்டிக்காரர் யார், வெளியாள் யார் என்று பிரித்துப் பார்க்கத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் பெரிய வண்டிக்காரர். "மாட்டுப் பொங்கலன்னிக்கு உங்க கொட்டாய்க்குப் பொங்கப் பான வந்துச்சா?" என்று கேட்டேன். "எங்கிட்ட கேக்கறியா? பொங்கினதே நாந்தானே!" என்றார். அவரை ஓரத்துப் பெஞ்சில் உட்காரச் சொன்னார் துரை. ஒவ்வொருவராக வந்தார்கள். "வந்துச்சு." "ஆமாங்க, வந்துச்சு." "என் கொட்டாய்க்கு ரெண்டாவதா வந்துச்சுங்க." ஒவ்வொருவர் குரலிலும் பெருமை. ஒவ்வொரு பதிலையும் நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அவர்கள் மாட்டை நானே பிடித்துக் குழியில் இறக்குவது மாதிரி இருந்தது.

கடைசியாக அண்ணன் வந்தார். பாசாரில் கடைசியில் நிற்கிற ஆள் இங்கேயும் கடைசி. அவருக்குப் பின்னால் தாழ்வாரம் முழுக்க அத்தனை வண்டிக்காரர்களும் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வியைக் கேட்டேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. துரையைப் பார்த்துச் சொன்னார்: "வந்துச்சுங்க."

நான் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. "அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றேன்.

"யோசிக்க என்ன இருக்கு? என் மாட்டுக்கும் வந்துச்சு. ஏன், வராதா?"

துரை மேஜையைத் தட்டினார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்; நான் கேள்வியோடு ஏதோ சேர்க்கிறேன் என்பது பிடிபட்டுவிட்டது. "நீ எதுவும் சேர்க்காதே. என்ன சொன்னார்?"

நான் பதில் சொல்வதற்குள் பெஞ்சிலிருந்து பெரிய வண்டிக்காரர் எழுந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை பேர் முன்னால் ஒருவன் தனக்குக் கிடைக்காத பொங்கலைக் கிடைத்தது என்று சொல்ல வேண்டிய நிலைமையை அவர்தான் உண்டாக்கினார். அது அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். பிறகு துரையிடம் சொன்னார்: "ஆமாங்க தொரை. வச்சோம். அவன் மாட்டுக்கு நாந்தான் என் கையால ஊட்டினேன். அதுவும் எங்க பட்டி மாடுதான்."

அண்ணன் திரும்பி அவரைப் பார்த்துக் கை கூப்பினார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அந்த ஜோடியை வாங்கிய அன்றுகூட அவ்வளவு இல்லை. தாழ்வாரத்தில் யாரோ, "அப்படிச் சொல்லுங்க!" என்றார்கள். அவர்கள் எல்லோரும் ஒன்றாகிவிட்டார்கள். நடுவில் நான் ஒருவன் மரம்போல நின்றேன்.

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் துரை.

சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும்? சொல்லிவிட்டு, "சார், இது உண்மை இல்லை" என்று சேர்த்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. துரை கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "மாட்டின் சொந்தக்காரர் வந்தது என்கிறார். கொண்டுபோனவர் ஊட்டினேன் என்கிறார். நீ அங்கே இருக்கவே இல்லை. நான் யாரை நம்புவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

தீர்ப்பை அன்று மத்தியானமே நான்தான் படித்துச் சொன்னேன். தாழ்வாரத்தில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், அதை அழுகை என்பதா, கூச்சல் என்பதா தெரியவில்லை. அண்ணன் மட்டும் என் பக்கத்தில் வந்து, "இதுக்கா கேட்டீங்க?" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் பெரிய வண்டிக்காரர் தானாகவே அண்ணன் கொட்டகைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். வந்தவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, நாளைக்கு நான் வந்து உண்மையச் சொல்லிடறேன். என் மாடு போனாப் போவுது, உன்னோடது பொழைக்கட்டும்" என்றார். வீம்பு பிடித்த மனிதர் அந்தப் பேச்சுப் பேசியதும் எனக்கு மறுபடியும் நம்பிக்கை வந்தது. காலையில் நாங்கள் மூன்று பேரும் மேடேறினோம்.

தாழ்வாரத்தில் எங்களுக்கு முன்பே கூட்டம் இருந்தது. எல்லா வண்டிக்காரர்களும் வந்திருந்தார்கள், எல்லோரும் ஒரே வார்த்தையோடு. என் மாட்டுக்கு வைக்கவில்லை. என் மாடு வாயே திறக்கவில்லை. பானை என் கொட்டகைக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. ஒவ்வொன்றையும் நான் மொழிபெயர்த்தேன். அந்த வரிசையில் கடைசியாகத்தான் பெரிய வண்டிக்காரர் நின்று, அண்ணன் மாட்டுக்கு நிஜமாகவே பொங்கல் வைக்கவில்லை என்று சொன்னார். துரையின் காலைப் பிடிக்கக் குனிந்தார். நான் அவரைத் தூக்கிக்கொண்டே மொழிபெயர்த்தேன்.

"நேற்று வைத்தேன் என்று சொன்னவரும் இவர்தானே?" என்று கேட்டார் துரை.

"நேத்து சொன்னது பொய்ங்க. இன்னிக்குச் சொல்றது நிஜம்."

"எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்" என்றார் துரை. கேலியாகச் சொல்லவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். உத்தரவு டாக்டர் துரையுடையது, கோலாலம்பூரிலிருந்து வந்தது, அதை மாற்றத் தன்னால் ஆகாது என்றார். ஒரு மாவட்டத்துக்கே துரையாக இருப்பவரால் இரண்டு மாட்டைக் காப்பாற்ற முடியவில்லை என்றால் யாரிடம் போவது? அவருக்கு மேலே இருப்பவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த மேடு இது ஒன்றுதான்.

ஈயம் எடுத்து விட்டுப்போன பள்ளம் ஒன்றை ஆற்றுக்கு அப்பால் தேர்ந்தெடுத்தார்கள். சுண்ணாம்பு மூட்டைகள் வந்தன. போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். மாட்டின் சொந்தக்காரர்கள் தாங்களே ஓட்டி வந்து பள்ளத்தின் விளிம்பில் கட்டிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். சிலர் வரவே மறுத்துவிட்டார்கள். அவர்கள் மாட்டைச் சிறைக் கைதிகள் பிடித்து வந்தார்கள். நோய் முற்றிய காளைகள் நிற்கவும் முடியாமல் தள்ளாடின. பெரிய வண்டிக்காரர் தன் காளைகளின் கொம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

அண்ணன் தன் ஜோடியைத் தானே கொண்டுவந்தார். அவை கொழுகொழுவென்று, மூக்கு ஈரமாக, கண் தெளிவாக நின்றன. வழியில் பறித்துக்கொண்ட புல் ஒரு மாட்டின் வாயில் இன்னும் இருந்தது. டாக்டர் துரைகூட ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். இந்த நோய் உள்ளே இருந்துகொண்டே சில நாள் வெளியே தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அண்ணன் கயிற்றைக் கட்டினார். ஆனால் விலகவில்லை. இரண்டுக்கும் நடுவில், இரண்டின் கழுத்திலும் ஒவ்வொரு கையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

போலீஸ்காரர் துப்பாக்கியை இறக்கினார். துரை என்னிடம், "அவரை விலகச் சொல்" என்றார்.

நான் அருகே போனேன். "அண்ணே, தள்ளி நிக்கச் சொல்றார்" என்றேன்.

"யாரு?"

"தொரை."

அண்ணன் அசையவில்லை. பின்னால் துரை மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. நானும் மறுபடியும் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அழுகையும் இல்லை.

"இத்தன வருசமா நீ பேசினதெல்லாம் அவர் பேச்சுத்தான். அவர் சொல்லி நான் நகர மாட்டேன். அவர் சொல்றார்னு சொல்லாத. நீ சொல்லு, நகர்றேன்" என்றார்.

எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். மாடு ஒன்று அண்ணன் தோளை முகர்ந்தது.

"தள்ளி நில்லுண்ணே" என்றேன். "நான்தான் சொல்றேன்."

அண்ணன் இரண்டு கைகளையும் எடுத்தார். என்னைத் தாண்டி நடந்து போனார்.